இடது கை அளவு

அந்த நாற்காலி வேண்டாம் அம்மா, இங்கே பெஞ்சில் வந்து உட்காருங்கள். கைப்பிடி வைத்த நாற்காலி நமக்கு ஆகாது. முதல் நாள் வந்தபோது நான் அதில்தான் உட்கார்ந்தேன். எழுந்தபோது அதுவும் என்னோடு எழுந்தது. மருந்துக் கவுண்டரில் நின்ற நாலு பேர் பார்த்தார்கள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த நாகரிகம் இருக்கிறதே, அதுதான் எனக்குக் குமட்டும்.

டயாலிசிஸுக்குப் புதிதா? கழுத்துக் குழாயைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கும் இருக்கிறது, இதோ, முந்தானைக்கு அடியில். கையில் ஃபிஸ்டுலா போட்டு எத்தனை நாளாகிறது? இரண்டு மாதமா? அப்படியானால் இன்றைக்குத்தான் முதல் ஊசி. இடது கையைக் கொடுங்கள் பார்ப்போம். ம். ஓடுகிறது. வண்டு பறக்கிற மாதிரி உர்ரென்று ஓடுகிறது. ஆனால் எங்கேயோ ஆழத்தில். உள்ளங்கையை வைத்தால் தெரிகிறது, விரலால் தேடினால் அகப்படவில்லை. எனக்கும் இப்படியேதான் இருந்தது.

உங்கள் பெயர் ரெத்தினாவதியா? நான் மங்களேஸ்வரி. பரமக்குடி. அரசு பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருடம் தையல் டீச்சர். கையில் இரண்டு இரத்தக் குழாயை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைப்பதுதான் ஃபிஸ்டுலா என்று டாக்டர் சொன்னபோது, தையல் டீச்சருக்கே தையலா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அன்றைக்கு எல்லாருக்கும் சிரிப்பு வந்தது.

அந்தப் பெண் உங்களை எதற்கு உட்காரச் சொன்னாள்? கையை ஸ்கேன் பார்க்கவா? நினைத்தேன். போகாதீர்கள். கூப்பிட்டால் வயிற்றைக் கலக்குகிறது, பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு மணிக்கு நாகநாதன் வருவான். இங்கே டெக்னீஷியன். அவனுக்கென்று ஒரு கைராசி இருக்கிறது. அவன் கைக்குக் காத்திருங்கள். ஏன் என்று சொல்கிறேன், அவசரமில்லை, மணி பதினொன்றுதான் ஆகிறது.

ஊசி பிடிக்கிற கையைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும், அதற்காகத்தான் உத்தியோகத்தைச் சொன்னேன். எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்திருப்பேன். குறி போடாமல் துணியில் கத்திரி வைக்கிற பிள்ளையை மட்டும் விடமாட்டேன். ஸ்கேலால் விரல் மேல் ஒன்று விழும். கண்ணளவு என்பது திமிர், டேப்பும் சாக்கட்டியும்தான் தொழில் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை போயிற்று. கேட்குமா அதுகள்? வெட்டிக் கெடுத்துவிட்டு, துணி சரியில்லை டீச்சர் என்று வந்து நிற்கும்.

சரி, அதை விடுங்கள். நம் கதைக்கு வருகிறேன்.

இந்த இடத்தில் முதலில் எனக்கு வெறுத்துப்போனது அந்த எடை இயந்திரம். கட்டிலில் ஏறுவதற்கு முன்னால் ஒரு எடை, இறங்கிய பிறகு ஒரு எடை, உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று தெரியவேண்டுமாம். தெரியட்டும். ஆனால் ஒருவன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று எண்ணைக் கத்துவான், அந்தக் கோடியில் ஒருத்தி நோட்டில் எழுதுவாள். நூத்திப் பதினாலு. எனக்கு முன்னால் ஏறியவருக்கு ஐம்பத்திரண்டு. இரண்டையும் அதே குரலில்தான் கத்தினான், ஆனால் என் எண்ணுக்குத்தான் பத்துக் கட்டிலிலிருந்தும் தலை நிமிர்ந்தது. மாட்டுச் சந்தையில்கூடத் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்துத்தான் விலை பேசுகிறார்கள். மாட்டுக்கு உள்ள அந்த மரியாதை இங்கே நமக்கு இல்லை. இப்போது கத்துவதில்லை, சீட்டில் எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். நாகநாதன்தான் சொல்லி மாற்றியிருப்பான். அந்த ஸ்கேன் பெண் வந்த பிறகுதான் மாறியது என்று ஆயா சொல்கிறாள். ஆயாவுக்கு என்ன தெரியும்?

அடுத்தது ஃபிஸ்டுலா போட்ட டாக்டர். கையை மட்டும் மரக்கவைத்துச் செய்கிற ஆபரேஷன், காது நன்றாகக் கேட்கும். உங்களுக்கும் கேட்டிருக்குமே. கையை அப்படி அமுக்கி இப்படி அமுக்கிவிட்டு, “ராம்நாடுக்காரங்க கையாச்சே, போர்வெல்தான் போடணும் போல” என்றார். கூட நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். என் மேல் போட்டிருந்த பச்சை விரிப்பு அவர்கள் சிரிப்புக்கு ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த வருடத்துப் பாடத்திட்டத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடு தையல், பின் தையல், சங்கிலித் தையல். முடிந்து போகும்போது, எடையைக் குறைங்கம்மா, அதுதான் எல்லாத்துக்கும் மூலம் என்று ஒரு உபதேசம். சிறுநீரகம் கெட்டு, ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர் என்று அளந்து குடிக்கிறவளைப் பார்த்து. சீ.

இப்படி எல்லாரும் என் சதையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த இடத்தில்தான் நாகநாதன் வந்தான்.

அவன் ஒரு நாள்கூட என் எடையை வாயால் சொன்னதில்லை. தானே பார்த்துத் தானே எழுதிக்கொள்வான். டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். ஐப்பசி மாதம் முதல் ஊசி. கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, இரண்டு விரலால் தடவினான். கோவிலில் நிற்கிற மாதிரி இருந்தது. குத்தினான், கிடைத்தது. இரண்டாவது ஊசியும் கிடைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. “நரம்பு நல்ல நரம்புதான் டீச்சர். கொஞ்சம் கூச்சம், அவ்வளவுதான், உள்ள போய் ஒளிஞ்சுக்குது” என்றான். பாருங்கள், எவ்வளவு அழகாகச் சொன்னான். ஒருவருக்கு மனசு இருந்தால் சதை என்ற வார்த்தையே இல்லாமல் பேச முடியும்.

இங்கே கைராசி என்றால் சும்மா இல்லை. அவன் ஷிப்ட் எது என்று கேட்டுக் கட்டிலை மாற்றிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அமாவாசைக்கு அவன் கையால் குத்திக்கொள்ளவேண்டும் என்று சாயல்குடியிலிருந்து ஒருவர் நாளைத் தள்ளிப் போட்டார். நான் எழுதியே கொடுத்துவிட்டேன், எனக்கு நாகநாதனைத் தவிர யாரும் ஊசி போடக்கூடாது என்று. கையெழுத்துப் போட்டு. தீபாவளிக்கு முன்னால் கழுத்துக் குழாயையும் எடுத்துவிட்டார்கள். குழாய் எந்த நேரமும் சீழ் பிடிக்கும், குளிர்காய்ச்சல் வரும், கை ஒன்றுதான் நமக்குக் கடைசி வரைக்கும் என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அது உண்மை. அதை மறந்துவிடாதீர்கள். இந்தக் கை போனால் வலது கை. அதுவும் போனால் என்ன என்று இவர்கள் சொல்லமாட்டார்கள், சாக்பீஸ் தீர்ந்துபோன மாதிரி கையை விரிப்பார்கள்.

எல்லா முறையும் கிடைத்ததா என்று கேட்கிறீர்களா? அது எப்படிக் கிடைக்கும்? நாலு தரம் குத்தினால் ஒரு தரம் கிடைக்கும். சில நாள் ஐந்து. அது அவன் குற்றமா? என் நரம்புக்குக் கூச்சம். அவன் வேர்த்துப்போய் நிற்பான், எனக்குத்தான் பாவமாக இருக்கும். பரவாயில்லை தம்பி, இன்னொரு தரம் குத்து என்று நானே சொல்வேன். கை நீலம் பாரிக்கும், கத்தரிக்காய் மாதிரி. முழங்கை வரை கை வைத்த ரவிக்கையாகத் தைத்துப் போட்டுக்கொண்டேன். அதிலும் ஒரு தொல்லை. கார்த்திகையில் தைத்த ரவிக்கை மார்கழியில் ஏறவில்லை. டேப்பை வைத்துப் பார்த்தேன். பதினேழு அங்குலம் இருந்த கை பதினெட்டரை. தையலைப் பிரித்து உள்துணியை விட்டேன். பத்து நாளில் பத்தொன்பது. இன்னும் பெருத்துப் போயிருக்கிறேன் என்று எனக்கே என் மேல் அருவருப்பு. சோற்றைக் குறைத்தேன். கண்ணாடியில் முகம் பார்ப்பதை விட்டேன். ரவிக்கைக்கு ஒரு பட்டி வைத்து இடது கையை மட்டும் அகலப்படுத்தினேன். வலது கை அப்படியேதான் இருந்தது, அதனால் அதைத் தொடவில்லை.

மார்கழியில் அவன் மாலை போட்டு மலைக்குப் போனான். திங்கட்கிழமை வந்தேன், அவன் இல்லை. வேறு ஒருத்தர் ஊசியை எடுத்தார். நான் எழுதிக் கொடுத்த தாளை ஞாபகப்படுத்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன். புதன்கிழமை அப்படியே. இரண்டு முறைதானே, அவன் வந்துவிடுவான் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை, நெஞ்சுக்குள் தண்ணீர் தளும்புகிறது. என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுப் பையனும் ஆட்டோவில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். கழுத்தில் மறுபடி ஒரு குழாயைப் போட்டு உயிரை இழுத்துப் பிடித்தார்கள். கண் விழித்தபோது முன்னால் நின்றவள்தான் உங்களை உட்காரச் சொன்ன இந்த நிலோஃபர். வேலைக்குச் சேர்ந்து பத்து நாளாம். இருபத்தைந்து வயதிருக்கும். ஊசியில் நூலைக் கோத்து நிறுத்திய மாதிரி இருந்தாள். அந்த மாதிரி உடம்பைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

அவள் என் பழைய தாள்களையெல்லாம் பார்த்திருக்கிறாள். ரவிக்கையைப் பார்த்தாள், பட்டியைப் பார்த்தாள். “எடை கூடினா இடது கை மட்டுமா ஆன்ட்டி பெருக்கும்?” என்று கேட்டாள்.

ஆன்ட்டி. இருபத்தாறு வருடம் டீச்சராக இருந்தவளை.

அவள் பாட்டுக்கு ஒரு சின்ன ஸ்கேன் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் பசையைத் தடவி உருட்டினாள். கை பெருத்தது சதையால் இல்லை, குத்தித் தவறின இடத்திலெல்லாம் இரத்தம் உள்ளே கட்டிக் கிடக்கிறது என்றாள். பிறகு சொன்னது இன்னும் அழகு. நரம்பு அருமையான நரம்பு, சுண்டு விரல் பருமன் இருக்கிறது, ஆனால் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஓடுகிறது, மேலே கனமாகச் சதை, இப்படி இருந்தால் யார் விரலுக்கும் அகப்படாது, கைராசியெல்லாம் அதிர்ஷ்டம் பார்க்கிற வேலை என்றாள். என் முகத்துக்கு நேரே. என் சதையை சென்டிமீட்டரில் அளந்து. நான் பிள்ளைகளுக்கு அளவெடுக்கும்போதுகூட எண்ணை வாய்க்குள்தான் சொல்லிக்கொள்வேன், குண்டுப் பிள்ளைகள் கூசிப் போகும் என்று.

மதுரையில் ஒரு டாக்டர் இருக்கிறாராம். அந்த நரம்பை ஆழத்திலிருந்து பிரித்துத் தூக்கி, தோலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்துவிடுவாராம். சிலருக்கு நரம்பை அசைக்காமல் மேலே இருக்கிற சதையை மட்டும் எடுத்துவிடுவாராம். காப்பீட்டு அட்டையிலேயே செய்துகொள்ளலாம், அடுத்த வியாழக்கிழமைக்கு நாள் கேட்டு வைத்திருக்கிறேன் என்றாள். என்னைக் கேட்காமலே. அதுவரைக்கும் கைக்கு ஓய்வு, அவசியம் என்றால் ஸ்கேனை வைத்துக்கொண்டே ஒரே ஒரு இடத்தில் நான் குத்துகிறேன் என்று சொல்லி, ஒரு பேனாவை எடுத்து என் கையில் கோடு போட்டாள். முழங்கைக்கு மேலே ஒரு நீளக் கோடு, அதில் இரண்டு புள்ளி. நரம்பு இங்கேதான் போகிறது, இந்தக் கோட்டைத் தேய்த்து அழிக்காதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னாள்.

என் உடம்பில் கோடு போடுகிறாள். கறிக்கடையில் தொங்குவதற்குத்தான் முத்திரை குத்துவார்கள்.

வீட்டுக்குப் போனதும் பீர்க்கங்காய் நாரை எடுத்துத் தேய்த்தேன். லேசில் போகவில்லை. சோப்பைப் போட்டு, தேங்காய் எண்ணெயைப் போட்டு, தோல் சிவக்கிற வரைக்கும் தேய்த்தேன். போய்விட்டது. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

திங்கட்கிழமை நாகநாதன் வந்துவிட்டான். நெற்றியில் சந்தனம், கையில் அரவணை டப்பா. கோட்டைப் பற்றி அவனிடம் நான் சொல்லவில்லை, பிள்ளை மனசு நோகும். நிலோஃபர் ஸ்கேனைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். கையைப் பார்த்தாள். கோடு இல்லை. “ஏன் ஆன்ட்டி?” என்றாள். நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து நீட்டினேன். அதற்கு மேல் அவளுக்கு அங்கே என்ன வேலை? நாகநாதன் கண்ணை மூடினான். தடவினான். மூன்றாவது குத்தில் ஒரு சுரீர். உள்ளே ஏதோ கிழிந்த மாதிரி. கை அப்படியே ஏறியது, என் கண் முன்னால், பூரி எழும்புகிற மாதிரி. ஐஸ் வைத்தார்கள், கட்டினார்கள். மறுநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வழக்கம்போலக் கையைத் தூக்கிக் காதில் வைத்தேன். நாம் எல்லாரும் வைப்போமே, ஓடுகிறதா என்று. ஒன்றுமில்லை. வண்டு போய்விட்டது.

இங்கே ஓடி வந்தேன். நாகநாதன் வந்து பார்த்தான். “என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க” என்றான். எனக்கு ஒரே கூச்சமாகப் போய்விட்டது. அவனுக்கு என்ன பேர் இங்கே, என்ன கைராசி, என் ஒருத்தியால் அதில் ஒரு கறை விழுந்துவிட்டதே என்று. மன்னித்துக்கொள் தம்பி என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அப்புறம் அவனுக்கு வேலை அதிகம். இந்தப் பக்கம் வந்தால் நேரே பார்த்துக்கொண்டு போய்விடுவான். என் கட்டிலுக்கு அவன் வந்து நாலு மாதமாகிறது. குழாய்க்காரிக்கு அவன் கை எதற்கு? நியாயம்தானே.

வலது கையில் நரம்பு நூல் மாதிரி இருக்கிறது, தேறாது என்று சொல்லிவிட்டார்கள். இது மூன்றாவது குழாய். இரண்டு தரம் குளிர்காய்ச்சல். போன முறை பல் கிட்டி நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரவிக்கையில் அந்தப் பட்டியைப் பிரித்துவிட்டேன். இடது கை இப்போது பழையபடி பதினேழு.

அதோ வருகிறார் பாருங்கள், அரைக்கைச் சட்டை. கமுதிக்காரர், வேலாயுதம் என்று பெயர். என்னைவிட ஆறு கிலோ கூட. அந்த மதுரை டாக்டரிடம் போய் நரம்பைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர். கையைப் பாருங்கள். தோலுக்கு அடியில் மண்புழு மாதிரி நெளிந்து வளைந்து கிடக்கிறது. மேலே நீளத்துக்கு ஒரு தழும்பு. பார்க்கவே எனக்கு அருவருப்பு. மனிதருக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா, அதை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறார். யார் வேண்டுமானாலும் வந்து குத்துகிறார்கள், போன வாரம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் குத்தினாள். ஒரே குத்து. கைராசிக்கு என்ன மதிப்பு அப்புறம்? ஒரு வருடமாகக் குழாய் இல்லை, காய்ச்சல் இல்லை, காசிக்குப் போய்விட்டு வந்தாராம். போகட்டும். அவர் உடம்பு, அவர் இஷ்டம்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்?

ஓ, கூப்பிடுகிறாளா? வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லச் சொன்னேனே. பன்னிரண்டுக்கு இன்னும் இருபது நிமிடம்தான். நான் இவ்வளவு சொல்லியும்? பார்க்கிறேன் என்றா சொல்கிறீர்கள்? என்னத்தைப் பார்க்கப் போகிறீர்கள்? ஆழத்தில் இருக்கிறது என்பாள், சதை என்பாள், சென்டிமீட்டர் என்பாள். கேட்டுக்கொண்டு வரப்போகிறீர்கள். எனக்கென்ன? போங்கள்.

ரெத்தினாவதி, ஒரு நிமிடம்.

அந்தப் பசை சில்லென்று இருக்கும், பயந்துவிடாதீர்கள். துடைக்க ஒரே ஒரு காகிதம் தருவாள், நம் கைக்கு அது எங்கே காணும். இந்தத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள், துவைத்ததுதான். அப்புறம், நரம்பு தெரிகிறது பாருங்கள் ஆன்ட்டி என்று திரையை உங்கள் பக்கம் திருப்புவாள். என் பக்கமும் திருப்பினாள். நான் சுவரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மணி பதினொன்று இருபது. நீங்கள் திரையைப் பாருங்கள். கறுப்பாக வட்டமாக இருக்குமாம். பார்த்துவிட்டு வந்து எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். சும்மாதான் கேட்கிறேன்.

கோடு போட்டால் உடனே சேலையை இழுத்து மூடாதீர்கள், மை இழுகிவிடும். நேராக இங்கே வாருங்கள். ஒழுங்காகப் போட்டிருக்கிறாளா என்று நான் பார்க்கவேண்டும். நாகநாதன் அதற்குள் வந்து உங்களைத் தேடினால், நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். போங்கள், அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.